மொட்டையடித்த மரம் ஏன் ஆபத்தானது?

பினாங்கின் ஜார்ஜ்டவுனிலோ கோலாலம்பூரிலோ பழைய தாமான்கள் (குடியிருப்புகள்) பக்கம் போனால் இப்படி ஒரு மரம் கட்டாயம் கண்ணில் படும். இரண்டு ஆள் கைகோத்தாலும் பிடிக்குள் அடங்காத அடிமரம். அதிலிருந்து கிளம்பும் நாலைந்து பெருங்கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில் பட்டென்று முடிந்திருக்கும். வெட்டுவாய் வெளுத்துத் தெரியும். பேருக்குக்கூட ஓர் இலை இருக்காது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வெட்டுவாய்களைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று குச்சிகள் கிளம்பியிருக்கும். "பாத்தீங்களா, எப்படித் துளிர்த்துக்கிச்சு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே சமயத்தில் மரத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

பெரிய மரத்தின் உச்சியையும் கிளைகளையும் கண்ட இடத்தில் நறுக்கித் தள்ளுவதை மொட்டையடிப்பது என்கிறோம். இடம் பார்த்து அளவாக வெட்டினால் அது கவாத்து. இரண்டுக்கும் அதே செயின்சா, அதே லோரி, பல நேரம் அதே ஆட்கள். ஆனால் முதலாவது மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். இரண்டாவது அதன் ஆயுளைக் கூட்டும்.

மொட்டையடிக்கச் சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய பயம் நியாயமானது. 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் சேவையும் தடைபட்டது. பினாங்கில் 2017 நவம்பர் புயல்மழை அடித்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தோடு சேர்ந்து ஊரெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. வீட்டுக்கு மேலே குடை விரித்து நிற்கிற ஒரு தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்து, காற்று கிளம்பும்போதெல்லாம் வயிறு கலங்குவது இயல்புதான். என் வருத்தமெல்லாம் வேறு. பாதுகாப்புக்கு என்று நினைத்துச் செய்கிற அந்த வெட்டுதான் சில வருடங்களில் மரத்தை உண்மையிலேயே ஆபத்தானதாக மாற்றுகிறது.

எப்படி என்று பார்ப்போம். இலையிலிருந்து தொடங்கலாம்.

மரத்தின் சாப்பாடு மண்ணிலிருந்து வருவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேர் எடுத்துக்கொடுப்பது தண்ணீரும் தாது உப்புகளும் மட்டும்தான். சர்க்கரையைத் தயாரிப்பது இலை. வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வைத்து இலை செய்யும் அந்தச் சர்க்கரைதான் கிளை, அடிமரம், வேர் எல்லாவற்றுக்கும் உணவு. மிச்சம் மாவுச்சத்தாக மாறிக் கிளைகளிலும் தண்டிலும் வேரிலும் சேமிப்பாகத் தங்கும். இப்போது மொட்டையடித்தால் என்ன ஆகும்? இலை மொத்தமும் போனதால் வரவு நின்றுவிடுகிறது. வெட்டி லோரியில் ஏற்றிய கிளைகளோடு சேமிப்பில் ஒரு பங்கும் போய்விடுகிறது. மரத்தின் கையில் மிஞ்சுவது தண்டிலும் வேரிலும் இருக்கும் கையிருப்பு மட்டுமே.

அந்தக் கையிருப்பை வைத்துத்தான் மரம் அவசர அவசரமாகத் துளிர்விடுகிறது. பட்டைக்கு அடியில் பல காலமாக உறங்கிக்கிடந்த மொட்டுகள் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்புகின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் கண்ணுக்கு நல்ல துளிராகத் தெரிவது, உண்மையில் பட்டினி கிடக்கும் மரம் கடைசிச் சேமிப்பையும் எடுத்துச் செலவழிப்பது. வலுவான மரம் இதைத் தாங்கிக்கொண்டு மீண்டு வரலாம். வயதான மரம், ஏற்கெனவே சாலை விரிவாக்கத்திலோ கால்வாய் வேலையிலோ வேரை இழந்த மரம், பல நேரம் மீள்வதில்லை.

சரி, மீண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெட்டுக்காயம் இருக்கிறது. விஷயத்தின் நடுமையமே இதுதான்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள், வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டைக்குள் மட்டும்தான் போக வேண்டும். கட்டையைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டியதுதான். ஏனென்றால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். அந்தப் படலம் காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அடுத்த சுற்றில் அங்கே ஒழுங்காகக் கத்தி ஓட்ட முடியாது. ஒரு கத்தி நுனி பட்டதற்கே இந்தக் கதி என்றால், ஓர் ஆள் தொடைப் பருமன் கிளையைக் குறுக்கே அறுத்தால் எவ்வளவு பெரிய காயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் உடம்பில் காயம் பட்டால் அதே இடத்தில் புதுத் திசு வந்து பழைய திசுவுக்குப் பதிலாக நிற்கும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. காயம்பட்ட கட்டை காயம்பட்ட கட்டையாகவே உள்ளே இருக்கும். மரத்தால் முடிந்தது இரண்டே காரியம். ஒன்று, காயத்தைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பி அழுகலை அந்த எல்லைக்குள் நிறுத்தப் பார்ப்பது. இரண்டு, மேலே புதுக் கட்டை வளர்த்து வாயை மூடுவது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் செயின்சாவால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, காயத்திலிருந்து அழுகல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். 1970களில் அவர் வெளியிட்ட விளக்கத்தில் நான்கு தடுப்புகளைப் பற்றிச் சொல்கிறார். தண்டின் நீளவாக்கில் மேலும் கீழும் போகும் அழுகலை மறிக்கும் தடுப்புதான் நான்கில் பலவீனமானது. காயத்துக்குப் பிறகு வளரும் புதுக் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே எழும் தடுப்புதான் மிக வலுவானது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. உச்சியில் வெட்டிய வெட்டு உச்சியோடு நிற்காது. பலவீனமான அந்தத் தடுப்பைத் தாண்டி, கிளை வழியாகத் தண்டை நோக்கி அழுகல் இறங்கும். அடுத்தது, வெளியே புதுக் கட்டை நன்றாக வளர்ந்துகொண்டே இருக்கும்போதும் உள்ளே கட்டை அழுகிக் கூடு விழலாம். பச்சையாக இருக்கும் மரம் திடீரென்று முறிந்தால், "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லோரும் திகைப்பது இதனால்தான்.

சின்னக் காயத்தை மரம் சில வருடங்களில் மூடிவிடும். பெருவிரல் பருமன், மணிக்கட்டுப் பருமன் என்றால் கவலையில்லை. மொட்டையடிக்கும்போது வாய் பிளப்பதோ ஒரு முழம் அகலத்துக்கு. அதுவும் கிளையின் நடுவில். அந்த இடத்தில் இயற்கையான தடுப்பு ஏற்பாடு எதுவும் கிடையாது. மூடுவதற்குள் பூஞ்சை குடியேறிவிடும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சைக்குச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் வாகன நிறுத்தத்தை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. குத்தகை எடுத்தவர்கள் அதை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மழைக் காற்றில் அதன் கிளை ஒன்று, என் தொடை கனத்துக்கு இருக்கும், விழுந்து கிடந்தது. எடுத்து அதன் அடியைப் பார்த்தேன். முறிந்த மரத்துக்கு இருக்கும் சிலாம்பு எதுவும் இல்லை. செருகி வைத்ததைப் பிடுங்கி எடுத்தாற்போல மேலோடு கழன்று வந்திருந்தது. அது ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் கட்டை பழுப்பேறி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. வெட்டுவாயின் ஓரத்தில் வரிசையாகத் தட்டுக் காளான்கள்.

அந்தக் கிளை ஏன் அப்படிக் கழன்று வந்தது? சாதாரணமாக ஒரு கிளை, தண்டு மெலிதாக இருக்கும் காலத்திலிருந்தே அதனோடு சேர்ந்து வளர்கிறது. வருடா வருடம் தண்டின் கட்டையும் கிளையின் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் கிளையின் அடி தண்டின் உள்வரை பிடித்திருக்கும். மொட்டையடித்த பிறகு கிளம்பும் குச்சிகளுக்கு இந்தப் பிடிப்பு கிடையாது. பட்டைக்கு அடியில் வெளிப்புறக் கட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு வேகமாக உயரும், கனம் ஏறும். அடியில் இருக்கும் கட்டையோ அழுகிக்கொண்டிருக்கும். ஆக, விழுந்துவிடும் என்று பயந்து ஐந்து நல்ல கிளைகளை வெட்டிய இடத்தில், இப்போது ஐம்பது பிடிமானமில்லாத கிளைகள் நிற்கின்றன. மறுபடி வெட்ட வேண்டும். மறுபடி காசு. ஒவ்வொரு தடவையும் மரம் இன்னும் கொஞ்சம் இளைக்கும்.

கண்ணில் படாத இன்னொரு சேதம் மண்ணுக்குக் கீழே நடக்கிறது. இலை போனால் வேருக்குச் சாப்பாடு இல்லை. தூரத்து வேர்கள் முதலில் சாகும். பெரிய மரத்தின் வேரில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அகலத்தில் கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும். அந்த அகலம்தான் காற்றில் மரத்தை நிறுத்திப் பிடிக்கிறது. செத்த வேரில் கனோடெர்மா போன்ற பூஞ்சைகள் ஏறும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும்; அங்கே அடித்தண்டை அழுக வைக்கும் அந்தப் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்தவை நிழல் மரங்களையும் தாக்குகின்றன. அடிமரத்தை ஒட்டிப் பளபளவென்று விசிறிக் காளான் முளைத்தால் அதை எட்டி உதைத்துவிட்டுப் போகாதீர்கள். உடனே விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இத்தனைக்கும் காலம் பிடிக்கிறது. மொட்டையடித்த மறுநாளே மரம் விழுந்தால் யாரும் இனி மொட்டையடிக்க மாட்டார்கள். விழுவது ஐந்து, பத்து வருடம் கழித்து. அதற்குள் வெட்டியவரையும் வெட்டச் சொன்னவரையும் ஊர் மறந்திருக்கும். "பழைய மரம், காத்துக்கு விழுந்திடுச்சு" என்று காற்றின் மேல் பழி போட்டுவிட்டு அடுத்த மரத்தை மொட்டையடிக்கக் கிளம்புவார்கள். இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"அங்சானாவை எப்படி வெட்டினாலும் வளருமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சாலையோர நிழல் மரமான அங்சானாவின் பெருங்கிளையை வெட்டி மண்ணில் நட்டாலே வேர்விடும் என்பது உண்மை. சிங்கப்பூரைச் சீக்கிரமாகப் பசுமையாக்க அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் துளிர்க்கும் திறன் வேறு, அழுகலைத் தடுக்கும் திறன் வேறு. அங்சானாவுக்கு முதலாவது நிறையவே உண்டு. அதை வைத்து இரண்டாவதும் இருப்பதாக நம்பிவிடுகிறோம். போதாக்குறைக்கு, பலவீனமான அங்சானாவைத் துளைக்கும் ஒருவகைச் சிறுவண்டும் அதனோடு வரும் ஃபியூசேரியம் பூஞ்சையும் மரத்தை வாடச் செய்து கொன்றுவிடுகின்றன. மஞ்சள் பூவை ஒரே நாளில் சாலை முழுக்கக் கொட்டி வைக்கும் அந்த மரத்தை நேசிக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஓக் மரங்களை நேரம் தெரியாமல் வெட்டினால், புதுக் காயத்தின் சாற்று வாசனைக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்து விடுகின்றன. செவ்வோக் வகைகள் சில வாரங்களிலேயே செத்துப்போகும். அதனால் டெக்சஸ் மாநிலத்தில் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஓக்கில் கத்தி வைக்காதீர்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். எப்போது வெட்டினாலும் காயத்துக்கு உடனே பெயின்ட் பூசச் சொல்கிறார்கள். வண்டு வாசம் பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பெயின்ட். அதைக் கேள்விப்பட்டு இங்கே வெட்டுவாயில் தார் பூசுவதிலும் பொந்துக்குள் சிமெண்டு அடைப்பதிலும் பயன் இல்லை. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துப் பூஞ்சைக்கு உதவவும் கூடும். சரியான இடத்தில் வெட்டிவிட்டு அப்படியே விடுவதுதான் நல்லது.

அப்படியானால் எங்கே வெட்டுவது?

ஒரு மாமரத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே லேசாகப் புடைத்து, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தெரியும். தடவினாலே கைக்குப் புலப்படும். அதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கிளை பட்டுப்போனால் அழுகலைத் தண்டுக்குள் விடாமல் நிறுத்த மரம் தயாராக வைத்திருக்கும் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது. வெட்டு அந்தக் கழுத்துக்கு ஒட்டினாற்போல வெளியே விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு தண்டாக வழித்து எடுத்தால் பாதுகாப்பே போய்விடும். ஒரு முழம் கட்டையை நீட்டிக்கொண்டு விட்டால் அந்தக் கட்டை செத்து, அழுகலுக்கு வாசல் ஆகிவிடும். நான் பார்த்த தப்பான வெட்டுகளில் இந்த இரண்டும்தான் அதிகம்.

கனமான கிளையை ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால், பாதி அறுக்கும்போதே அது சாய்ந்து தண்டின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போகும். அதைத் தவிர்க்கத்தான் மூன்று வெட்டு முறை. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் பாதிக்கும் குறைவாக ஓர் அறுப்பு. அதிலிருந்து சற்றுத் தள்ளி மேலிருந்து ஓர் அறுப்பு, கிளை விழுந்துவிடும். மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே மூன்றாவது அறுப்பில் எடுப்பது.

கிளையின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் நடுவில் நறுக்கக் கூடாது. பக்கக் கிளை பிரியும் இடம் வரை போய் வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை, வெட்டுப்படும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் இருந்தால்தான் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். ஒரு தடவையில் மொத்த இலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது துறையில் பரவலாக இருக்கும் உச்ச அளவு. மூத்த மரத்துக்கு அதைவிடக் குறைவாக. காய்ந்த கிளை, முறிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை எடுத்தாலே பல பெரிய மரங்களுக்குப் போதும். தூங்குமூஞ்சி வறண்ட நாள்களில் இலை உதிர்த்துப் புதுத்துளிர் விடும் நேரத்தில் கை வைக்காமல் இருப்பதும் நல்லது. அப்போதுதான் அதன் கையிருப்பு குறைவாக இருக்கும்.

இன்னொரு தவறு பார்வைக்கு அழகாக இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. கிளையின் உள்பக்கத்துச் சிறுகிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக் கொத்தை விடுவார்கள். 'சுத்தமாக' இருக்கும். ஆனால் கனம் முழுக்க நுனிக்குப் போய்விடும். காற்றில் கிளை ஆடும்போது உள்பக்கச் சிறுகிளைகள் ஆளுக்கொரு பக்கம் அசைந்து அந்த ஆட்டத்தை அடக்கும். அவை இல்லாவிட்டால் கிளை முழு வீச்சில் ஆடி, நடுவில் முறியும். ஆணிச் செருப்பு மாட்டி உயிருள்ள மரத்தில் ஏறுவதும் கூடாது. ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

வேலைக்கு ஆள் பேசும்போது விலையை மட்டும் கேட்காமல், எந்தெந்தக் கிளையை எங்கே வெட்டப் போகிறீர்கள் என்று மரத்தடியில் நின்று காட்டச் சொல்லுங்கள். "மேல எல்லாத்தையும் எடுத்துடுறேன் சார், அஞ்சு வருஷத்துக்குத் தொல்லை இல்லை" என்று ஒருவர் சொன்னால் அவரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். ஆர்போரிஸ்ட் எனப்படும் மர வல்லுநர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று சங்கமும் உண்டு. மரத்தைத் தட்டிப் பார்த்து, வேரைப் பார்த்து, தேவைப்பட்டால் கருவி வைத்து உள்ளே கூடு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வார்கள். உண்மையிலேயே ஆபத்தான மரம் என்றால் எடுத்துவிடத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் நீங்களோ தோட்டக்காரரோ பாராங் கத்தியைத் தூக்க வேண்டாம். மின்சார நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. பினாங்குக்குப் பொருந்தும் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்புக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதன்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சாய்க்கக் கூடாது. செத்த மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் வீட்டு வளாகத்துக்குள் நிற்கும் மரமாக இருந்தாலும் முதலில் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். கோலாலம்பூருக்குக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் தனியாக இருப்பதால், அங்கே மாநகர மன்றத்திடம் விசாரிக்க வேண்டும்.

ஏற்கெனவே மொட்டையடித்த மரம் வாசலில் நின்றால்? முதல் ஒன்றிரண்டு வருடம் துளிர்களை வெட்டாமல் விடுங்கள். பட்டினி கிடக்கும் மரத்துக்கு ஒவ்வோர் இலையும் வேண்டும். பிறகு ஒவ்வொரு வெட்டுவாயிலும் நல்ல இடத்தில் நிற்கும் வலுவான ஒன்றிரண்டு குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைச் சிறிது சிறிதாகக் குட்டையாக்கியும் எடுத்தும் வர வேண்டும். இது பல வருட வேலை. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மறுபடியும் மொட்டைதான். அதுவரை அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு போடாமல், கார் நிறுத்தாமல், விழும் இலையை மண்ணிலேயே பரப்பி விடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களின் மாலைக் காற்றுக்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, வெட்டுவாயில் காளானோ குச்சியின் அடியில் விரிசலோ தெரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.